வைப்பரை உரித்த கிளியும் புதுப்பேட்டையில் ஒரு வேலையும்

கிறைஸ்ட்சர்ச்,
21 ஜனவரி 2024

அன்புள்ள பெரியப்பா, பெரியம்மாவுக்கு,

டிசம்பர் புயலில் வீட்டுக்குள் வந்த தண்ணீரில் முழுகிப்போன மோட்டாரைப் பெரியப்பா தானே பிரித்து, காயவைத்து, மறுபடி ஓடவிட்டதாக அம்மா சொன்னாள். அதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஓடாமல் போயிருந்தால்தான் ஆச்சரியம்.

பொங்கலன்று போனில் பெரியம்மா கேட்டதற்கு லைன் போய்விட்டதால் பதில் சொல்ல முடியவில்லை. "கடன் வாங்கி வீடு வாங்கினீங்க, லீவு விட்டா அதுல இருக்காம எதுக்குடி வேன்ல போய்ப் படுத்துக்கறீங்க?" என்ற அந்தக் கேள்விக்கு இந்த நாட்டில் யாரிடமும் பதில் இல்லை. நியூசிலாந்தில் ஜனவரி என்றால் கோடை. பள்ளிக்கூடம் மூடியிருக்கும், பாதி ஆபீஸ் பூட்டியிருக்கும், ஊர் மொத்தமும் ஒரு வேனையோ கேரவனையோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். நாம் மட்டும் வீட்டில் இருந்தால் அக்கம்பக்கத்தில் உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார்கள்.

எங்கள் வேன் 1998ல் பிறந்தது. ஜப்பானில் ஓடி முடித்துவிட்டுக் கப்பலேறி இங்கே வந்த பழைய டீசல் வண்டி. உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், கை கழுவத் தொட்டி. சாவியைத் திருப்பியவுடன் ஒரு பெண்மணி மிகவும் பணிவான குரலில் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்வாள். சுங்கச்சாவடி அட்டையைச் சொருகவில்லை என்கிறாளாம். இங்கே அந்த அட்டையும் கிடையாது, அந்தச் சுங்கச்சாவடியும் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு நாள் காலையும் அவள் சொல்கிறாள், உங்கள் மாப்பிள்ளை "சரிங்க" என்கிறார்.

பெரியம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்வதென்றால், நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது நவக்கிரகக் கோயில் எல்லாம் சுற்ற ஒரு மெட்டடார் வேன் பிடித்தோமே, அதுதான் இது. அதில் பதினெட்டுப் பேர், இரண்டு அண்டா புளியோதரை, வாந்திக்கு எலுமிச்சம்பழம். இதில் மூன்று பேர், வாந்தி மட்டும் அதே. ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. எழுத யோசனையாக இருக்கிறது, ஆனால் சட்டமே அப்படி. ரோட்டோரத்தில், ஏரிக்கரையில் என்று இலவசமான இடங்களில் வேனில் படுத்து உறங்க வேண்டுமானால் பெரும்பாலும் வண்டிக்குள்ளேயே கழிவறை இருந்தாக வேண்டும். 2023ல் அந்தச் சட்டத்தை இன்னும் கெடுபிடியாக்கினார்கள். கழிவறை வண்டியோடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும், கட்டிலை விரித்த பிறகும் அதைப் பயன்படுத்த முடிய வேண்டும். இதைச் சோதித்துப் பார்த்துப் பச்சை அட்டை கொடுக்க ஆள் வருகிறார். ஒருவர் வந்து, கட்டிலை விரிக்கச் சொல்லி, கழிவறைக்கு வழி இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடும் உத்தியோகத்தை எல்லா உத்தியோகங்களிலும் உயர்ந்ததாக நான் நினைக்கிறேன். அடுப்புக்கும் அதற்கும் நடுவே ஒரு பலகைதான் தடுப்பு. பெரியம்மா இதைப் படித்தபின் எங்கள் வேனில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார் என்று தெரியும்.

பெரியப்பாவுக்கு வேறொரு செய்தி. இங்கே டீசல் வண்டிக்குப் பம்பில் சாலை வரி கிடையாது. ஆயிரம் கிலோமீட்டரை முன்கூட்டியே விலைக்கு வாங்க வேண்டும். எங்கள் மாதிரி சின்ன வண்டிக்கு ஆயிரத்துக்கு 76 டாலர். வாங்கிய கிலோமீட்டர் எதுவரைக்கும் என்று எழுதிய சீட்டைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஓட வேண்டும். இதைத் தவிர, 2000க்கு முன் பதிவான வண்டி என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் தகுதிச் சோதனை. பிரேக், டயர், விளக்கு, துரு, சீட் பெல்ட் எல்லாம் பார்ப்பார்கள். அந்தச் சோதனையில் தேறிய வண்டியில்தான் இந்தக் கதை நடக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிழக்குக் கரையில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து மேற்குக் கரைக்குப் போக நடுவில் ஒரு மலைத்தொடரைத் தாண்ட வேண்டும். ஆர்தர்ஸ் பாஸ் என்று ஒரு கணவாய், 920 மீட்டர் உயரம். வழியில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற சின்ன ஊரில் ரோஜா நிறச் சர்க்கரைப் பாகு பூசிய ராட்சத டோனட் சிலை ஒன்று நிற்கிறது. கார்ட்டூன் குடும்பம் ஒன்றின் ஊருக்கும் அதே பெயராம், அதனால் சிலை. பையன் அதன் ஓட்டைக்குள் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டான். அனுப்புகிறேன். திருவல்லீஸ்வரர் கோயிலில் எடுத்த போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டாம்.

கணவாயைத் தாண்டி இறங்கும் இடத்தில் ஒடிரா என்ற பள்ளத்தாக்கின்மேல் 440 மீட்டர் நீளத்துக்குப் பாலம் கட்டியிருக்கிறார்கள், 1999ல் திறந்தது. அதைப் பார்க்க ஒரு மேட்டில் எல்லோரும் வண்டியை நிறுத்துவார்கள். நாங்களும் நிறுத்தினோம். அங்கேதான் கிளி வந்தது.

கீயா என்று பெயர். பாசி நிறம், இறக்கையைத் தூக்கினால் அடியில் ஆரஞ்சு, அலகு கொக்கி. உலகத்திலேயே பனிமலையில் வாழும் கிளி இது ஒன்றுதான் என்கிறார்கள். ஜோசியக்காரர் கூண்டில் நாம் பார்த்த கிளி சீட்டு எடுக்கும். இது நட்டு கழற்றும். வண்டிகளில் ரப்பர் என்று எது இருந்தாலும், வைப்பர், ஜன்னல் ஓரம், ஏரியலின் அடிப்பாகம், எல்லாவற்றையும் உரித்துப் பார்த்தால்தான் அதற்குத் தூக்கம் வரும். பசியால் செய்யவில்லை. சும்மா, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க. 2009ல் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரின் பாஸ்போர்ட்டையே பஸ்ஸின் சாமான் அறையிலிருந்து தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டதாம் ஒன்று. ஆட்டு மந்தையைக் கொத்துகிறது என்று ஒரு காலத்தில் அலகுக்கு இவ்வளவு என அரசாங்கமே விலை வைத்து, 1970 வரைக்கும் ஒன்றரை லட்சம் கிளிகளைத் தீர்த்துக்கட்டினார்கள். மிச்சம் சில ஆயிரம்தான். 1986 முதல் முழுப் பாதுகாப்பு. ஆகவே அது நம் வண்டியைப் பிரிக்கும்போது நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நின்றோம். ஒன்று வைப்பர் ரப்பரை இழுக்க, இன்னொன்று பக்கக் கதவின் ரப்பர் பட்டையை நிதானமாக, அளந்து உரித்தது. வேலையில் நல்ல ஒழுங்கு. பெரியப்பா பார்த்திருந்தால் கையில் ஒரு ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்திருப்பீர்கள்.

அடுத்த வளைவில் மழை.

மேற்குக் கரை மழையை நம் மழையோடு வைத்துப் பேசக் கூடாது. கடலிலிருந்து வரும் மேகமெல்லாம் அந்த மலையில் முட்டி அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. ஹொகிடிகா என்ற கரையோர ஊரில் ஒரு சாதாரண வருஷத்துக்கே சென்னையைப் போல் இரண்டு மடங்கு பெய்யும். ஒரு பக்கத்து வைப்பரில் ரப்பர் அறவே இல்லை, மறு பக்கத்தில் பாதி. அந்தப் பாதியும் கொஞ்ச நேரத்தில் சோர்ந்து சோர்ந்து நகர ஆரம்பித்தது. ரேடியோ நின்றது. முன் பலகையில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஏதோ சென்சார் போயிருக்கு" என்றார் உங்கள் மாப்பிள்ளை. கம்ப்யூட்டர்காரர்களுக்கு உலகத்தில் எது நின்றாலும் சென்சார்தான்.

"சார்ஜ் ஏறலை. டைனமோ போச்சு" என்றேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதானே. பாடியில் லூகாஸ் டிவிஎஸ் ஆலையிலிருந்து ஷிஃப்ட் முடிந்து வந்தபிறகும் உங்களுக்குக் கை ஓயாது. தெருவில் யாருடைய டைனமோ, யாருடைய செல்ஃப் மோட்டார் என்றாலும் நம் வீட்டுக் கிணற்றடிக்குத்தான் வரும். உங்கள் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடப் போய்விட, டார்ச் பிடிக்க அகப்பட்டது நான் ஒருத்தி. "அசைக்காதே, நான் பார்க்கிற இடத்தைப் பார்" என்பீர்கள். அப்படிப் பார்த்ததில் வந்த படிப்பு. நான் வாங்கிய பட்டத்துக்கு இந்த நாட்டில் இன்னும் சமமதிப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். இந்தப் படிப்புக்கு யாரும் கேட்கவில்லை.

பழைய டீசல் என்பதால் ஓடிக்கொண்டிருக்கும் வரை அதற்குக் கரண்ட் அதிகம் வேண்டாம். நிறுத்தினால்தான் வினை, மறுபடி செல்ஃப் எடுக்காது. ஃபிரிட்ஜை அணைத்தேன், மின்விசிறியை அணைத்தேன், "எங்கேயும் நிறுத்தாதீங்க" என்றேன். சரியாக அப்போதுதான் பையன் பின்னாலிருந்து சுண்டுவிரலைக் காட்டினான். யோசித்துப் பாருங்கள். சட்டப்படி வண்டிக்குள் கழிவறை இருக்கிறது, பச்சை அட்டையோடு. சட்டப்படி ஓடும் வண்டியில் சீட் பெல்ட்டைக் கழற்றக் கூடாது. இரண்டு சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அந்தக் குழந்தையின் முகத்தை நான் மறக்க மாட்டேன். வழியில் ஒற்றை வண்டி மட்டும் போகிற பாலங்கள் வேறு. எதிரில் வருகிறவருக்கு முன்னுரிமை என்று அம்புக்குறி போட்டிருந்தால் நாம் நின்று வழிவிட வேண்டும். நின்றோம், எஞ்சினை மட்டும் அணைக்காமல், குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு.

ஒரு சின்ன ஊர் வந்தது. ஒரு பெட்ரோல் பம்ப், ஒரு மதுக்கடை, ஒரு தேவாலயம், மூடிய தபால் நிலையம். ஊர்ப் பெயரை எழுதவில்லை, காரணம் கடைசியில் தெரியும். பம்ப் ஓரம் நிறுத்தி, பையனைப் பெல்ட்டிலிருந்து விடுவித்துவிட்டு, உங்கள் மாப்பிள்ளை போனை எடுத்தார். ஒரு பெரிய நகரத்துப் பட்டறையில் பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். பிறகு பேசிய பையன் வண்டியின் எண்ணைத் தட்டிப் பார்த்து, ஆல்டர்னேட்டர் முழு அசெம்ப்ளி மாற்ற வேண்டும், ஆக்லாந்திலிருந்து வர வேண்டும், வண்டியை இழுத்து வரத் தனிக் கட்டணம் என்று வரிசையாகச் சொன்னான். என்ன கோளாறு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கோளாறு அவன் கம்ப்யூட்டரில் இல்லை, விலை இருக்கிறது. இது இந்த நாட்டுக்கு மட்டும் சொந்தமான வியாதி இல்லை. போன தடவை வந்தபோது அண்ணாநகர் சர்வீஸ் சென்டரில் தம்பியின் காருக்கும் இதே அசெம்ப்ளி ஸ்தோத்திரத்தைத்தான் ஓதினார்கள். அப்போது நீங்கள், "மண்ணூர்பேட்டைப் பட்டறைக்கு எடுத்துப் போடா" என்றீர்கள்.

மண்ணூர்பேட்டை இங்கேயும் இருந்தது, பெட்ரோல் பம்புக்குப் பின்னால், தகரக் கொட்டகையாக. வாசலில் ஒரு நாய். உள்ளே எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், அரைக்கால் சட்டை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். அந்தக் குளிரில் அரைக்கால் சட்டை எதற்கு என்று இந்த ஊர் ஆம்பிளைகளைக் கேட்கக் கூடாது. நாங்கள் வாயைத் திறக்கும் முன் அவர் வைப்பரைப் பார்த்தார். "கிளியா?" என்றார். "கிளி" என்றோம். அதற்கு மேல் அந்த விஷயத்தில் பேச ஒன்றுமில்லை.

பானட்டைத் திறந்தார். மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்தார். ஓடுகிற வண்டியில் 14 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் 11 சொச்சம். உங்கள் மாப்பிள்ளையைப் பார்த்து, "ஃபேன் பெல்ட் எப்ப மாத்தினீங்க?" என்றார். இவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். "விளக்கு எரியறதுக்கு முன்னால சத்தம் வந்ததா?" இவர் மறுபடி என்னைப் பார்த்தார். மூன்றாவது கேள்வியிலிருந்து பெரியவர் நேராக என் பக்கம் திரும்பிக்கொண்டார். உங்கள் மாப்பிள்ளை நாயோடு சிநேகமாகிவிட்டார். எல்லோருக்கும் நிம்மதி.

டைனமோவை இறக்கி, மேஜைமேல் வைத்து, பின்மூடியைக் கழற்றினார். நான் எதிர்பார்த்ததுதான். இரண்டு கார்பன் பிரஷ்களும் தேய்ந்து நகத்தளவு நின்றன, ஸ்லிப் ரிங்கைத் தொடவே இல்லை. பேரிங் நன்றாக இருந்தது, சுருள் நன்றாக இருந்தது, ரெகுலேட்டர் நன்றாக இருந்தது. சுண்டுவிரல் நுனியளவு கரித்துண்டு இரண்டு தேய்ந்ததற்குத்தான் அந்தப் பையன் ஆக்லாந்திலிருந்து அசெம்ப்ளி வரவழைக்கப் பார்த்தான்.

பெரியவர் ஒரு அலமாரியைத் திறந்தார். பெரியப்பா, அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வரிசையாகப் பழைய பிஸ்கட் டப்பாக்கள், மூடியில் கையெழுத்தில் பெயர்கள், ஒன்றில் வாஷர், ஒன்றில் ஸ்பிரிங், ஒன்றில் எதற்கென்று கடவுளுக்கே தெரியாத சாமான்கள். நம் வீட்டுப் பரணில் இருக்கும் அதே பிரிட்டானியா டப்பாக்கள் இல்லை, அவ்வளவுதான். ஒரு டப்பாவைக் கவிழ்த்துக் கிளறி, ஏதோ ஒரு டிராக்டருக்கான பிரஷ் இரண்டை எடுத்தார். அளவு கொஞ்சம் பெரிசு. அரத்தால் ஒரு பக்கம், உப்புத்தாளால் மறு பக்கம் தேய்த்துத் தேய்த்து, கூட்டில் வைத்துப் பார்த்து, மறுபடி தேய்த்து, ஸ்பிரிங் தள்ளினால் தடையில்லாமல் நகர்கிறதா என்று பார்த்து வயரைப் பற்றவைத்தார். இடையில் கை விளக்கை எடுத்து ஒரு பேச்சும் இல்லாமல் என்னிடம் நீட்டினார். பிடித்தேன். அசைக்கவில்லை.

"எங்கே கற்றுக்கொண்டாய்?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

சொன்னேன். சென்னையில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பாடி என்று ஓர் இடம், 1960களின் தொடக்கத்தில் சக்கரத்துக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, மின்சாமானுக்கு ஒன்று என்று அடுத்தடுத்து ஆலைகள் வந்தன, அதற்கும் முன்பே அம்பத்தூரில் சைக்கிள் ஆலை, பிறகு தொழிற்பேட்டை, என் பெரியப்பா அதில் லூகாஸில் வேலை பார்த்தவர் என்றேன்.

லூகாஸ் என்றதும் பெரியவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் நாய் எழுந்து வெளியே போய்விட்டது. நீங்கள் இந்தப் பத்தியைப் படிக்காமல் விட்டாலும் பரவாயில்லை. இங்கிலாந்துக் கார் ஓட்டிய பழைய ஆட்களிடையே பர்மிங்ஹாமின் லூகாஸுக்கு 'இருட்டின் இளவரசன்' என்று பட்டப்பெயராம். முகப்பு விளக்கில் மூன்று நிலை வைத்தார்களாம், மங்கல், மினுக்கல், அணைப்பு. வெள்ளைக்காரன் பீரை ஏன் சூடாகக் குடிக்கிறான் தெரியுமா, அவன் ஃபிரிட்ஜும் லூகாஸ் என்பதால்தான். இப்படியே அடுக்கிக்கொண்டு போனார். நான் விடவில்லை. "அது பர்மிங்ஹாம். எங்களுடையது பாடி. எங்கள் பெரியப்பா கை வைத்ததில் ஒன்றுகூட அணையவில்லை" என்றேன். கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிவிட்டேனோ என்று நீங்கள் நினைக்கலாம். பதினோராயிரம் கிலோமீட்டர் தூரத்தில் சரிபார்க்க ஆள் இல்லை.

அவருடைய கதையும் கேட்கத் தகுந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்த நாட்டு ரோடெல்லாம் மாரிஸும் ஆஸ்டினும்தான். பெட்டியில் பாகமாக வரும், இங்கே பூட்டுவார்கள். புதுக் கார் வாங்குவது பெரும்பாடு என்பதால் ஒரே காரைப் பேரன் காலம் வரை பழுது பார்த்து ஓட்டினார்கள். வேலி கட்டும் எட்டாம் நம்பர் கம்பி ஒரு துண்டு இருந்தால் எதையும் ஓடவிடலாம் என்பது இவர்களுடைய பெருமை. 1980களின் கடைசியில் ஜப்பானிலிருந்து பழைய கார்களைத் தாராளமாக இறக்குமதி செய்ய விட்டார்கள். விலை விழுந்தது. 1998ல் உள்ளூரில் கார் பூட்டுவதே நின்றது. "அதுக்கப்புறம் எவனும் திறந்து பார்க்கிறதில்லை. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கறான்" என்றார். தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

நாங்கள் வீட்டில் என்ன மொழி பேசுகிறோம் என்று கேட்டார். தமிழ் என்றதும், "அந்த மணியில் இருக்கிறதே, அதுவா?" என்றார். பெரியப்பா, வெலிங்டன் அருங்காட்சியகத்தில் வெண்கலத்தில் ஒரு கப்பல் மணி இருக்கிறது, உடைந்த மணியின் மேல்பாதி மட்டும். அதில் தமிழ் எழுத்து. முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று பொறித்திருக்கிறது. 1836 வாக்கில் ஒரு மிஷனரி இதைக் கண்டுபிடித்தபோது மாவோரிப் பெண்கள் அதைக் கவிழ்த்துப்போட்டு உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். எந்தக் கப்பல், எப்படி வந்தது, ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த மிஷனரி அதற்கு மாற்றாக ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து வாங்கிக்கொண்டதாகச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அந்தப் பெண்களைத்தான் பிடிக்கிறது. உடைந்த மணியில் கிழங்கு வேகும் என்று கண்டுபிடிப்பதற்கும் ஒரு மூளை வேண்டும்.

டைனமோவை ஏற்றி, எங்கள் கட்டிலுக்கு அடியில் விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் என்று தனியாக இருக்கும் பேட்டரியிலிருந்து ஒரு கேபிள் இழுத்து ஸ்டார்ட் செய்தார். ஜப்பான்காரி பணிவாகத் தன் புகாரைச் சொன்னாள். மீட்டரில் 14.1. பெரியவர் அவளுக்கு ஜப்பானிய மொழியில் ஏதோ பதில் சொன்னார். இத்தனை வண்டி பார்த்ததில் அந்த ஒரு வாக்கியம் அவருக்கு மனப்பாடம். பிறகு ஒரு சுருளிலிருந்து வைப்பர் ரப்பரை அளந்து வெட்டிப் போட்டார். கொல்லையில் செத்துக் கிடந்த ஒரு வேனின் கதவுப் பட்டையைப் பிடுங்கி எங்கள் கதவில் ஒட்டினார். நிறம் கொஞ்சம் மாறுதல். அதை இப்போது நாங்கள் வந்தவர்களுக்கெல்லாம் காட்டுகிறோம்.

இப்போது கூலி. மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். இங்கே மெக்கானிக்குக்கு மணிக்கு 100 டாலருக்குக் குறையாது, நம் கணக்கில் 5,000 ரூபாய். இந்தக் கணக்கு தெரிந்ததால் உங்கள் மாப்பிள்ளை பெரியவர் டீ குடித்த நேரத்தையெல்லாம் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் முழுக்க வேலை செய்தவர் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் பில் போட்டார், வைப்பர் ரப்பருக்குச் சில டாலர், அதன்மேல் 15 சதவீதம் ஜிஎஸ்டி. நமக்கு 2017ல் வந்த ஜிஎஸ்டி இவர்களுக்கு 1986லேயே வந்துவிட்டது, அதனால் முணுமுணுப்பதைக்கூட மறந்துவிட்டார்கள். "பிரஷ்?" என்றேன். "அது டப்பாவில் கிடந்தது" என்றார். "கதவுப் பட்டை?" "அது அந்த வண்டியோடது, அந்த வண்டிக்கு இனி வேண்டாம்."

கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தோம். இங்கே அது பழக்கமில்லை, கொஞ்சம் முகம் சுளித்தார். இருட்டு வரும் வரை, இந்த மாதத்தில் அது இரவு ஒன்பதரை, பேசிக்கொண்டிருந்தோம். கொட்டகைக்குப் பின்னால் வண்டியை நிறுத்திப் படுத்துக்கொள்ளச் சொன்னார். நான் சாம்பார் வைத்துக் கொடுத்தேன், மனைவியைக் கூட்டி வந்து இரண்டு பேரும் வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டார்கள். மணல் ஈ என்று இந்தக் கரையில் ஒரு பூச்சி உண்டு. கொரட்டூர் ஏரிக் கொசுவைப் பார்த்தவள் என்ற என் கர்வம் அன்றைக்கு அடங்கியது. கடித்தது இன்னும் அரிக்கிறது.

காலையில்தான் அவர் எங்களைக் கொல்லைக் கடைசிக்குக் கூட்டிப் போனார். தார்ப்பாயை விலக்கினார். உங்கள் மாப்பிள்ளை, "ஐயோ, அம்பாசிடர்!" என்று கத்தியே விட்டார்.

அவர் அதை மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட், மூன்றாம் சீரிஸ், 1957 மாடல் என்கிறார். அவருடைய அப்பாவின் வண்டி. அதே தொப்பை, அதே உருண்டைக் கண், அதே சோபா சீட், ஸ்டியரிங்கோடு ஒட்டிய கியர். உங்கள் மாப்பிள்ளை பின் கதவைத் திறந்து அமைச்சர் தோரணையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கும்பிடு போட்டார். இந்தப் பயணம் முழுவதிலும் அவர் உருப்படியாகச் செய்த காரியம் அடுத்து வந்தது. இங்கிலாந்தில் 1959ல் நின்றுபோன இந்த வண்டியை நாங்கள் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் 2014 வரைக்கும் செய்தோம் என்று விளக்கினார். பெரியவர் முதலில் நம்பவில்லை. போனில் படங்களைக் காட்டினோம். டாக்ஸி, கலெக்டர் வண்டி, மஞ்சள், வெள்ளை, கல்யாண மாலை போட்டது. ஒவ்வொன்றாகப் பார்த்தார். தனக்குக் கிடைக்காமல் பல வருஷமாக நிற்கும் பாகங்களின் பட்டியலை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். அதை எடுக்க உள்ளே ஓடினார் பாருங்கள், எழுபது வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வாக்குக் கொடுத்துவிட்டேன் பெரியப்பா. ஊர்ப் பெயரை எழுதாததற்குக் காரணம் இதுதான். நம் சொந்தத்தில் வேன் வைத்திருப்பவர்கள் இந்த நாட்டில் நாலு குடும்பம் இருக்கிறார்கள். இந்தப் பட்டியல் முடியும் வரை அவர்கள் யாரும் அங்கே போய் அவர் நேரத்தைப் பிடுங்கக் கூடாது.

வேண்டியவை: டிஸ்ட்ரிபியூட்டர் கேப் இரண்டு, ரோட்டர் இரண்டு, பாயிண்ட் செட், பின் கதவுக் கைப்பிடி இடது பக்கம் ஒன்று. 1489 சிசி பெட்ரோல் எஞ்சினுக்கு உள்ளது, டீசல் அம்பாசிடருடையது அல்ல. அளவு எடுத்த படங்களைத் தம்பியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். கேப்பும் ரோட்டரும் முடிந்தால் பாடியில் செய்ததாகவே பாருங்கள். இருட்டு இளவரசன் பேச்சுக்கு அதுதான் பதில். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் மண்ணும் கிரீஸும் ஒட்டாமல் கழுவித் துடைத்து அனுப்ப வேண்டும். இங்கே விமானநிலையத்திலும் தபாலிலும் மண், விதை, சாப்பாடு என்றால் மோப்ப நாய் வைத்துத் தேடுகிறார்கள். சொல்லாமல் கொண்டு வந்தால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். பெரியம்மா கவனிக்க: டிஸ்ட்ரிபியூட்டர் கேப் உள்ளே வெற்றிடமாக இருக்கிறதே என்று நார்த்தங்காயோ கருவேப்பிலைப் பொடியோ அடைக்கக் கூடாது.

இந்தப் பாகங்களைத் தேடிப் புதுப்பேட்டைக் கடைகளுக்குத் தனியாகப் போக வேண்டாம், தம்பியைக் கூட்டிக்கொள்ளுங்கள். கடையில் இது வெளிநாட்டுக்குப் போகிறது என்று அவன் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், கைப்பிடி ஒன்றுக்கே மூன்று பங்கு சொல்லிவிடுவார்கள். சொந்த வண்டிக்கு என்று சொல்லுங்கள். எந்த வருஷ வண்டி என்று கேட்டால் 1957 என்று உண்மையையே சொல்லலாம், இரக்கப்பட்டுக் குறைப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்